நெல்லையில் இரண்டு கதவுகள்: தலித் முன்னாள் படைவீரருக்குக் கிடைக்கும் தொழில் ஆலோசனையும் கிடைக்காத தகவலும்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையை ஒட்டி அமைந்திருக்கிறது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்குமான குறைதீர்க்கும் கூட்டங்களோடு சுயதொழில் கருத்தரங்கையும் சேர்த்து நடத்துவது தமிழக மாவட்டங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவி இயக்குநர், மாவட்டத் தொழில் மைய அலுவலர், முன்னோடி வங்கி மேலாளர் ஆகியோர் மேடையில் இருப்பர். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன், எவ்வளவு மானியம், எங்கே பயிற்சி என்பன விளக்கப்படும். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. தேநீரும் உண்டு.

இந்த அரங்குகளில் சாதி ஒரு பேசுபொருளாக இருப்பதில்லை. படைக்குச் சாதி கிடையாது என்ற நம்பிக்கையே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்றவர் திரும்பிச் செல்லும் ஊருக்குச் சாதி உண்டு. அவர் கடன் கேட்கும் வங்கிக் கிளையும் கடை வைக்கும் தெருவும் சாதிக்கு வெளியே இல்லை. ஒரு தலித் முன்னாள் படைவீரருக்கு அரசு இரண்டு வெவ்வேறு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றுள் எது அவருக்கு அதிகப் பயன் தரும் என்பதைச் சொல்லாத ஆலோசனை, இலவசமாகவே கிடைத்தாலும், அவருக்குப் பல இலட்சம் ரூபாய் இழப்பை உண்டாக்கக்கூடும். இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில், இருப்பது என்ன என்று பார்ப்போம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியப் படைகளிலிருந்து ஓய்வு பெறுகின்றனர். பெரும்பாலோர் நாற்பது வயதைச் சுற்றி இருப்பவர்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வுத் தலைமை இயக்ககம், ஓய்வுக்கு முந்தைய காலத்திலேயே இவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது. அதிகாரிகள் கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலுத்த வேண்டும். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானோருக்கு முழுவதும் இலவசம். ஓய்வு பெற்றவர்களும், இறந்த படைவீரரின் மனைவியும், சார்ந்தோரும் இப்பயிற்சிகளில் சேர வழியுண்டு. மாவட்ட அளவில், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் உணவும் தங்குமிடமும் தந்து இலவசமாகப் பயிற்றுவிக்கிறது. திட்ட அறிக்கை தயாரிப்பதற்கான வழிகாட்டலை மாவட்டத் தொழில் மையத்தில் பெறலாம்.

இவற்றோடு, தமிழக முதலமைச்சர் 2024 சுதந்திர தின உரையில் அறிவித்து, 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டமும் சேர்ந்திருக்கிறது. 1 கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம், தொழில் தொடங்குவதற்கான பயிற்சி ஆகியவை இதன் கூறுகள். முதற்கட்டமாகச் சுமார் 400 பேர் பயன்பெறுவர் என்று அறிவிக்கப்பட்டது. 38 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் மாவட்டத்திற்குப் பத்துப் பேர் அளவில் வரும். அந்தப் பத்தில் எத்தனை பேர் தலித்துகள் என்ற கேள்விக்கு இறுதியில் வருவோம்.

இத்தகைய மறுவாழ்வு ஏற்பாடுகளின் வரலாற்றில் தலித் அரசியலுக்கு நேரடிப் பங்கு உண்டு என்பது பலர் அறியாதது. 1945 ஜூலையில், போர் முடிவுக்கு வரும் தருவாயில், படையிலிருந்து விடுவிக்கப்படும் வீரர்களையும் போர்க்காலத் தொழிலாளர்களையும் குடிமை வாழ்வில் அமர்த்துவதற்காக மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் உருவாக்கப்பட்டது. இன்று நாம் காணும் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தொடக்கம் அதுவே. அது தொழிலாளர் துறையின்கீழ் அமைந்தது. அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர்.

அம்பேத்கருக்கு இது வெறும் துறைசார் பணியாக இருந்திருக்க முடியாது. அவர் 1891இல் பிறந்தது மாவ் படைக் குடியிருப்பில். தந்தை ராம்ஜி, சுபேதார். அவர் பிறந்த ஓரிரு ஆண்டுகளிலேயே மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 'போர்வீர இனங்கள்' என்ற காலனியக் கோட்பாடு வலுப்பெற்ற அக்காலத்தில், தெற்கிலும் மதராஸ் படையின் பல பிரிவுகள் சுருக்கப்பட்டன. பறையர்கள் பெருமளவில் பணியாற்றிய மதராஸ் சாப்பர்ஸ் போன்ற சில பிரிவுகளே எஞ்சின. ஓய்வு பெற்ற ராம்ஜி, பஞ்ச நிவாரணத்திற்காகக் குளம் வெட்டும் இடமொன்றில் காசாளரானார். 1901இல் அவரைக் காணப் புறப்பட்ட சிறுவர்கள் மசூர் இரயில் நிலையத்தில் இறங்கியபோது, நல்ல உடையணிந்த அப்பிள்ளைகள் மகர்கள் என்றறிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. இரட்டைக் கூலி தந்து, வண்டியைத் தாங்களே ஓட்டிச்செல்ல நேர்ந்ததை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். தந்தையின் சீருடையும் பதவியும் பிள்ளைகளுக்கு ஒரு வண்டியைக்கூடப் பெற்றுத் தரவில்லை. படைவீரர் குடும்ப நலன் பற்றிப் பேசும் எவரும் மறக்கக்கூடாத நிகழ்ச்சி இது.

இனி அந்த இரண்டு கதவுகள். முதற்கதவு முன்னாள் படைவீரர் என்ற தகுதிக்கு உரியது. இரண்டாவது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்காக 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்'. இதில் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மூலதன மானியம், உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். வட்டி மானியம் 6 விழுக்காடு. எஞ்சிய 65 விழுக்காடும் வங்கிக் கடன் என்பதால், தொழில் தொடங்குபவர் தம் பங்காகப் பணம் போட வேண்டியதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சேரன்மகாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த, ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஒருவர் 20 இலட்சம் ரூபாயில் ஹாலோ பிளாக் தயாரிக்கும் கூடம் அமைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காக்கும் கரங்கள் வழியாக அவருக்குக் கிடைக்கும் மானியம் 6 இலட்சம். மீதி 14 இலட்சமும் கடன் என்று கொண்டால், 3 விழுக்காடு வட்டி மானியத்தில் முதலாண்டுச் சலுகை சுமார் 42,000 ரூபாய். அம்பேத்கர் திட்டத்தில் மானியம் 7 இலட்சம், கடன் 13 இலட்சம், முதலாண்டு வட்டிச் சலுகை சுமார் 78,000 ரூபாய். வங்கி வட்டி 11 விழுக்காடு என்றால், முதற்கதவில் அவர் செலுத்துவது 8 விழுக்காடு. இரண்டாவதில் 5 விழுக்காடு. திட்டம் பெரிதாக ஆக இந்த வேறுபாடும் பெருகும். 1 கோடி ரூபாய்த் திட்டமெனில் மானியத்தில் மட்டும் 5 இலட்சம் ரூபாய் வேறுபடுகிறது.

ஒன்றிய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நிலைமை வேறு. அங்கே பட்டியல் சாதியினரும் முன்னாள் படைவீரரும் ஒரே சிறப்புப் பிரிவில் வருகின்றனர். ஊரகத்தில் 35 விழுக்காடு, நகரத்தில் 25 விழுக்காடு. சொந்தப் பங்கு 5 விழுக்காடு. இரண்டு தகுதிகளும் ஒருவரிடமே இருந்தாலும் மானியம் கூடுவதில்லை. ஒரே தொழிலுக்கு இரு மானியங்களைச் சேர்த்துப் பெறவும் முடியாது. ஆகவே எந்தக் கதவைத் தட்டுவது என்பதை விண்ணப்பம் எழுதும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

இதைச் சொல்ல வேண்டியவர் யார்? அம்பேத்கர் திட்டத்தைச் செயல்படுத்துவது மாவட்டத் தொழில் மையம். அதன் அலுவலர் அதே மேடையில்தான் அமர்ந்திருப்பார். ஆனால் கூட்டம் முன்னாள் படைவீரர்களுக்கானது என்பதால் அவர்களுக்கான திட்டத்தை மட்டும் விளக்கிவிட்டு அமர்வதே இயல்பாகிவிடுகிறது. பொது அரங்கில் "உங்களில் பட்டியல் சாதியினர் யார்?" என்று கேட்பது நாகரிகமன்று என்ற தயக்கமும் புரிந்துகொள்ளக்கூடியதே. யாரையும் எழுந்து நிற்கச் சொல்லத் தேவையில்லை. இரு திட்டங்களையும் ஒப்பிடும் ஒற்றைப் பக்கத் துண்டறிக்கையை வந்திருக்கும் அனைவருக்கும் கொடுத்தால் போதும். 2011 கணக்கெடுப்பின்படி, தென்காசி பிரிவதற்கு முந்தைய நெல்லை மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 18.5 விழுக்காடு. அந்தத் துண்டறிக்கைக்கு ஆகும் அச்சுச் செலவை நியாயப்படுத்த இந்த எண்ணிக்கை போதாதா?

ஆனால் இரு கதவுகளும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. நெல்லையில் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையை மையமாகக் கொண்டு இரு நூற்றாண்டுகளாக வேரூன்றிய கிறித்தவத்தில் தலித்துகள் கணிசமானவர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவத்தைத் தழுவிய தலித், பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை; தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார். அவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது, ஆணை மாறவில்லை. ஆகவே ஒரே தெருவில் வசித்து, ஒரே படைப்பிரிவில் பணியாற்றித் திரும்பிய இருவரில், ஒருவருக்கு 35 விழுக்காடும் மற்றவருக்கு 30 விழுக்காடும் வாய்க்கிறது. தலித் கிறித்தவப் படைவீரருக்குக் காக்கும் கரங்கள்தான் முதன்மையான வழி. அந்தத் திட்டம் அவர்களை முழுமையாகச் சென்றடைய வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

அக்னிவீரர்களின் நிலை இதற்கு நேரெதிர். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின்கீழ் சேர்ந்தவர்களில் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிரந்தரமாக்கப்படுவர். மற்றவர்கள் நான்காண்டு முடிவில் சுமார் 11.71 இலட்சம் ரூபாய் சேவா நிதியுடன் வெளியேறுவர். ஓய்வூதியம் இல்லை. திட்டத்தின் விதிகளின்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இருபத்தைந்து வயதுக்குள் கையில் ஒரு தொகையோடு ஊர் திரும்பும் தலித் இளைஞருக்கு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கதவு திறக்குமா என்பது ஐயம். அவருக்கு எஞ்சுவது அம்பேத்கர் திட்டமே. அதைப் பற்றி அவர் எங்கே கேள்விப்படுவார்?

அடுத்த தடை வங்கி. தாமிரபரணிப் பாசனத்தின் நஞ்சை நிலங்கள் நெடுங்காலம் பிராமணர், வேளாளர், மடங்கள், கோயில்கள் வசமே இருந்தன. அவற்றில் நாற்று நட்டு அறுத்தவர்கள் இன்று தேவேந்திரகுல வேளாளர் என அழைக்கப்படும் மக்களும் பிற தலித்துகளும். வங்கி மேலாளர் "சொத்து ஈடு இருக்கிறதா?" என்று கேட்கும்போது இந்த நூற்றாண்டுக் கால வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. சிறு, குறுந் தொழில்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010 முதலே அறிவுறுத்தியிருக்கிறது. அதற்கு மேற்பட்ட கடன்களுக்கும் அரசின் கடன் உத்தரவாத நிதியம் உண்டு. இந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குச் செல்பவருக்கும், வெறுங்கையோடு செல்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

சட்டம் நடுநிலையாக இருந்தும் கடன் நடுநிலையாகக் கிடைக்காது என்பதற்கு அமெரிக்கா கசப்பான சான்று. இன்று அங்கே படைவீரருக்கும் அவர்தம் இணையருக்கும் கட்டணமின்றித் தொழில் பயிற்சி அளிக்கும் விரிவான அரசு அமைப்பு இருக்கிறது. நம் கருத்தரங்குகளுக்கு முன்மாதிரியாகவும் காட்டப்படலாம். ஆனால் 1944இல் இயற்றப்பட்ட ஜி.ஐ. சட்டத்தின் கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும். வீடு, தொழில், பண்ணை ஆகியவற்றுக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் தர வழிசெய்த அச்சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனினும் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947இல் எடுக்கப்பட்ட ஆய்வில், வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினப் படைவீரர்களுக்குப் போனவை இரண்டே இரண்டு. உத்தரவாதம் தந்தது வாஷிங்டன். கடன் தந்தது உள்ளூர் வெள்ளையர் வங்கி. எண்ணிப் பார்த்ததால்தான் இது வெளியே வந்தது.

கடன் கிடைத்த பிறகு சந்தை. 'சந்தை ஆய்வு' என்ற தலைப்பு எல்லாப் பயிற்சிகளிலும் உண்டு. ஆனால் கறவை மாடு வளர்க்கச் சொல்லும் ஆலோசகர், சேரியிலிருந்து வரும் பாலை ஊருக்குள் யார் வாங்குவார் என்று கேட்பதில்லை. உணவகம் வைக்கச் சொல்பவர், கடைவீதியில் இடம் தருபவர் என்ன விசாரிப்பார் என்பதை எண்ணுவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பெயர்பெற்ற தொழில்களைப் பாருங்கள்: பத்தமடையின் கோரைப்பாய் இலப்பை முஸ்லிம்களோடும், வீரவநல்லூர் நெசவு சௌராட்டிரர்களோடும், காருகுறிச்சி மண்பாண்டம் வேளார்களோடும் பிணைந்தவை. அவர்களும் பெருஞ்செல்வர்கள் அல்லர். ஆனால் மூலப்பொருள் தரும் கை, விற்பனைக்கு எடுக்கும் கை, அவசரத்திற்குக் கடன் தரும் கை அந்த வலைக்குள் உண்டு. வயலில் கூலியாக மட்டுமே வைக்கப்பட்டிருந்த தலித்துக்கு அத்தகைய வலை இல்லை. பயிற்சி நிறுவனம் தரும் சான்றிதழ் அதை நிரப்பாது.

ஆகவே, ஊர்ச் சந்தையை நம்பாத தொழில்களை முதலில் பரிசீலிப்பதே தலித் முன்னாள் படைவீரருக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. நிறுவனம் வாங்குபவராக இருக்கும்போது விற்பவரின் தெருவை விசாரிப்பதற்கு இடம் குறைவு. பில்லும் தரமும்தான் முன்னால் நிற்கும். ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, அதன் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். நெல்லை மாவட்டத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி விண்வெளி மையமும் இருக்கின்றன. உதிரிபாகம், பராமரிப்பு, வாகனம், தூய்மைப் பொருள் என்று அவர்களது தேவைகள் பல. பாதுகாப்பு வளாகங்களின் ஒழுங்கு அறிந்த முன்னாள் படைவீரருக்கு இங்கே ஓர் இயல்பான சாதகம் உண்டு. உத்யம் பதிவில் பட்டியல் சாதி உரிமையாளர் என்று குறிப்பிட்டிருந்தால்தான் இந்த 4 விழுக்காட்டில் இடம். கங்கைகொண்டான் சிப்காட் தனியார் நிறுவனங்களுக்கு இக்கட்டாயம் இல்லை. எனினும் அதுவும் ஊர்ச் சந்தைக்கு வெளியே இருக்கும் சந்தைதான்.

ஊருக்குள்ளேயே தொழில் செய்ய விரும்புவோருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பட்டியல் சாதியினர் தொழிலோ வணிகமோ செய்வதைத் தடுப்பதையும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதையும், விதிப்பதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. தொழில் பயிற்சி வகுப்பில் ஜி.எஸ்.டி.க்கு ஒரு மணிநேரம் ஒதுக்குபவர்கள் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம். தென் மாவட்டத்தில் இது கற்பனையான அச்சமன்று. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை நடத்திய தாக்குதலில் அடித்து நொறுக்கப்பட்டவை, வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்த தலித்துகள் வாங்கிச் சேர்த்த வீட்டுப் பொருள்கள். தலித் கையில் சேரும் பொருளே சிலருக்குக் கண்ணை உறுத்தியது.

பணத்தைப் பற்றி இன்னொன்று. படைவீரர் தம் ஓய்வூதியத்தில் 50 விழுக்காடு வரை கம்யூட்டேஷனாக முன்கூட்டியே மொத்தமாகப் பெறலாம். அந்தப் பகுதி 15 ஆண்டுகளுக்குப் பிறகே மீண்டும் கிடைக்கும். பணிக்கொடையும் அதுவும் சேர்ந்து வரும் தொகை, ஒரு தலித் குடும்பம் தலைமுறைகளாகக் கண்ட முதல் பெருந்தொகையாக இருப்பதுண்டு. ஆதிக்க சாதிக் குடும்பத்தில் தொழில் நட்டப்பட்டால் அண்ணன் நிலமோ மாமனார் நகையோ கைகொடுக்கும். இங்கே இரண்டாம் வாய்ப்பு இல்லை. எனவே சில நேரங்களில் "இப்போது தொடங்காதீர்கள், ஓராண்டு இதே தொழிலில் வேலை பாருங்கள்" என்று சொல்வதே சரியான ஆலோசனை. மானிய இலக்கை எட்ட வேண்டிய அலுவலர் அதைச் சொல்வது கடினம்.

குடும்பத்தினர் என்ற சொல் பெண்களிடம் வரும்போது சுருங்கிவிடுகிறது. படைவீரரின் கைம்பெண்ணுக்குத் தையல் பயிற்சி, தையல் இயந்திரம் என்பதே அரசின் பழைய சூத்திரம். பத்து ஆண்டுகள் கணவர் எல்லையில் இருக்க, வயல் குத்தகை, பிள்ளைகள் பள்ளி, வங்கிக் கணக்கு, வழக்கு அனைத்தையும் தனியே கவனித்த பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாதா? காக்கும் கரங்களின் 1 கோடி ரூபாய் வரம்பு கைம்பெண்களுக்கும் உரியது. அவர் பட்டியல் சாதியினராயின் அம்பேத்கர் திட்டமும் அவருக்கு உரியது. அதற்குக் கணவரின் சான்றிதழ் பயன்படாது, தம் பெயரிலான சாதிச் சான்றிதழ் வேண்டும். படைப்பணியின் பொருட்டு ஊர் ஊராக மாறிய குடும்பங்களில் இந்த ஒரு தாளைத் தேடிப் பெறுவதற்குள்ளேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. கணவர் பணியில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பத்துப் பேர் கேள்விக்கு வருவோம். படையில் எத்தனை தலித்துகள் என்பதை இராணுவம் வெளியிடுவதில்லை. படைச் சேர்க்கையில் சாதி இடஒதுக்கீடும் இல்லை. ஆனால் காக்கும் கரங்கள் தமிழக அரசின் திட்டம். விண்ணப்பித்தோர், வங்கி ஏற்றோர், வங்கி நிராகரித்தோர் ஆகியோரைச் சமூகப் பிரிவு வாரியாகத் தொகுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எவரும் எழுதலாம். கேட்க வேண்டியவை: திட்டம் தொடங்கியது முதல் வந்த விண்ணப்பங்களும் அவற்றில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எண்ணிக்கையும், வங்கிகள் நிராகரித்தவையும் எழுத்தில் தரப்பட்ட காரணங்களும், கைம்பெண்களுக்கு ஒப்புதலான கடன்களின் எண்ணிக்கை. முன்னாள் படைவீரர்களுள் எத்தனை பேர் அம்பேத்கர் திட்டத்தில் பயன்பெற்றனர் என்பதை மாவட்டத் தொழில் மையத்திடம் தனியே கேட்க வேண்டும். பதிலளிக்க 30 நாள்கள். அப்படியொரு பதிவேடே இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலை அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு இணைத்து ஆட்சியரிடம் கொடுக்கலாம்.